3 ரூபாய் நஷ்டத்துக்கு 1,390 ரூபாய் அபராதம்



இந்த வாரத் தியானத்திற்கு வேறொரு வேதபகுதியை ஆயத்தம் செய்திருந்தேன். அதை அடுத்த வாரத்திற்கு ஒத்திவைக்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு சகோதரி மழையில் நனைந்தபடி ஆயர்மனைக்கு வந்தார். கையில் வங்கிப் புத்தகமும் கைப்பேசியும். ஆங்கிலத்தில் வந்திருந்த குறுஞ்செய்திகளை வாசித்துப் பொருள் சொல்லும்படி கேட்டார். வாசித்தேன். அன்றிரவு ஆயத்தம் செய்திருந்த தியானத்தை என்னால் தொடர முடியவில்லை. இதை எழுத அவருடைய அனுமதியைப் பெற்றிருக்கிறேன். அவர் யார் என்று தேட வேண்டாம்.

கணக்கு இதுதான். வீடு பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கு மாதத் தவணை 2,400 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள். சம்பளமோ 7ஆம் தேதி மாலையில்தான் கணக்கில் ஏறுகிறது. அந்த மாதம் கணக்கில் பணம் குறைவு. 5ஆம் தேதி தவணை திரும்பிப் போயிற்று. 7ஆம் தேதி காலையில் கடன் கொடுத்த நிறுவனம் மறுபடியும் கேட்டது, மறுபடியும் திரும்பிற்று. ஒவ்வொரு முறை திரும்பியதற்கும் வங்கி 250 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுத்துக்கொண்டது, ஆக 295. கடன் கொடுத்தவர்கள் 'பவுன்ஸ் சார்ஜ்' என்று ஒவ்வொரு முறைக்கும் 400 எழுதினார்கள். கூட்டிப் பாருங்கள்: 1,390 ரூபாய். அன்று மாலையே சம்பளம் ஏறியது, தவணையும் கட்டப்பட்டது. தாமதம் இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளில் கடன் கொடுத்தவருக்கு உண்டான நஷ்டம் எவ்வளவு? ஆண்டுக்கு 24 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்வோம். 2,400 ரூபாய்க்கு இரண்டு நாள் வட்டி 3 ரூபாய் 16 காசு. அதற்கு ஈடாக வாங்கப்பட்டது, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஏறக்குறைய மூன்று நாள் கூலி. 1,390 போனதால் அடுத்த மாதத் தவணைக்கும் பணம் குறையும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தால் மறுபடியும் அதே அபராதம்.

பிரியமானவர்களே, இதற்கு 'ஒழுங்கு' என்று பெயர் சொல்லுகிறார்கள். கடனாளிக்கு ஒழுங்கைக் கற்பிக்கிறார்களாம். இந்தச் சகோதரி இருபது ஆண்டுகளாக விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பேரட்டுக்கு நேரம் தவறாமல் போய் நிற்கிறவர். ஒழுங்கைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்தும் தகுதி எனக்கே இல்லை. சம்பளத் தேதிக்கு இரண்டு நாள் முந்தித் தவணைத் தேதியைக் குறித்தவர் யார்? ஊதியம் வழங்கல் பற்றிய 1936ஆம் ஆண்டுச் சட்டம், 1,000 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடத்தில் மாதம் முடிந்து 7ஆம் நாள் முடிவதற்குள்ளும், அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்தில் 10ஆம் நாள் முடிவதற்குள்ளும் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்றது. அந்தப் பழக்கத்தில்தான் நம் மலைத் தோட்டங்கள் நடந்து வந்திருக்கின்றன. இது தெரிந்தே 5ஆம் தேதியைத் தவணை நாளாக வைப்பது, வழியில் குழி வெட்டிவிட்டு விழுகிறவனிடம் கூலி கேட்பதற்குச் சமம்.

வேதம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது? வட்டிக்கு எபிரெய மொழியில் வழங்கும் சொற்களில் ஒன்று 'நேஷெக்'. 'கடித்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்தது; பாம்பு கடிப்பதற்கும் அதே வினைதான். இறையியல் கல்லூரியில் இதைப் படித்த நாளில் அது எனக்கு ஒரு சொல்லாராய்ச்சியாக மட்டுமே இருந்தது. ஊழியத்துக்கு வந்து, லயங்களில் வீடு வீடாக நடந்த பிறகே அதன் பொருள் விளங்கிற்று. வட்டி ஒருமுறை கடிக்கிறது. தாமத அபராதமோ கடித்த இடத்திலேயே மறுபடி கடிக்கிறது.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுக்கும்படி கர்த்தர் கட்டளையிடுகிறார். அவன் போர்த்துக்கொண்டு படுப்பதற்கு அது ஒன்றுதானே இருக்கிறது என்கிறார். ஜனவரி மாதத்து உறைபனியில் ஊட்டியில் ஒரு இரவைக் கழித்தவருக்கு இந்த வசனத்திற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. உபாகமம் 24இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: கடன் கொடுத்தவன் ஈட்டை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். கடனாளி அடிமையல்ல, வாசற்படி அவனுடையது.

மூவாயிரம் ஆண்டுப் பழைய கட்டளை என்று யாராவது சிரித்தால், ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14 அன்று சிறுகடன்களுக்காக வெளியிட்ட நெறிமுறைகளை அவரிடம் காட்டுங்கள். இருவரும் சேர்ந்து தீர்மானித்த பொது இடத்திலேயே வசூல் நடக்க வேண்டும். கடனாளி அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராமற்போனால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கவும் கூடாது. தாமதத்துக்கு அபராதம் போட்டால், கட்டத் தவறிய தொகையின் மேல் மட்டுமே போட வேண்டும். முழுக் கடன் தொகையின் மேல் போடக் கூடாது. மோசே எழுதியதும் ரிசர்வ் வங்கி எழுதியதும் ஒரே வாசற்படியில்தான் கடன்காரனை நிறுத்துகின்றன. மாலை ஏழு மணிக்கு லயத்து வாசலில் வந்து நின்று, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி பெயர் சொல்லி அழைப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை என்பதை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி மற்றொரு சுற்றறிக்கை வெளியிட்டது. தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு 'அபராத வட்டி'யைச் சேர்க்கக் கூடாது. நியாயமான அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது. எவ்வளவு, எதற்காக என்பதைக் கடன் ஒப்பந்தத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும். கடன் ஒழுங்கை வளர்க்கவே அபராதம், வருமானத்தைப் பெருக்கும் வழியாக அதை ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2024 ஏப்ரல் முதல் புதிய கடன்களுக்கு இது நடைமுறைக்கு வந்தது. அப்படிப்பட்ட அபராதக் கட்டணங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஜி.எஸ்.டி. மன்றமும் 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. நாட்டின் தலைமை வங்கியே சொல்ல வேண்டி வந்தது என்றால், நோய் எவ்வளவு பரவியிருந்தது என்று பாருங்கள். ஆனாலும் 'நியாயமான' என்ற சொல்லுக்கு அளவு யார் வைப்பது? அங்கேதான் 400 ரூபாய் நுழைகிறது.

இது புதிய தந்திரமும் அல்ல. மத்திய கால ஐரோப்பாவில் திருச்சபை வட்டியைத் தடைசெய்திருந்தது. ஆனால் கடனைக் காலந்தாழ்த்தித் திருப்பினால் அபராதம் வாங்கலாம் என்று சட்ட வல்லுநர்கள் ஒப்புக்கொண்டார்கள். உடனே என்ன நடந்தது? வட்டியில்லாக் கடன் என்று எழுதி, எவனாலும் கட்டமுடியாத குறுகிய தவணையை வைத்து, தவறியதற்கு அபராதம் என்று வட்டியை வாங்கினார்கள். முன்வாசலில் பூட்டிய பாவம் பக்கவாசலால் வந்தது. கடன் கொடுத்தவருக்கு உண்மையாக உண்டான நஷ்டத்துக்கு ஈடு வாங்குவது ஒன்று, ஒருவனுடைய இல்லாமையை வைத்து லாபம் பார்ப்பது வேறொன்று என்று தாமஸ் அக்வினாஸ் போன்றோர் பிரித்துப் பார்த்தார்கள். நானும் அந்த இடத்திலேயே நிற்கிறேன். 3 ரூபாய் 16 காசு நஷ்டமென்றால் அதை வாங்கட்டும்; ஐந்தாக வாங்கினாலும் நான் எழுதியிருக்கமாட்டேன்.

நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் 'துண்டு' என்றால் என்னவென்று தெரியும். தொழிலாளியின் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது என்று எழுதிய சீட்டு அது. அந்தத் தொகையைக் கொடுக்க முன்வரும் துரைதான் அவனை அடுத்த தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ள முடியும். கடனோடு மனிதனும் கைமாறினான். 1921இல் அங்கே சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. இன்று துண்டு கைப்பேசிக்குள் வந்துவிட்டதோ என்று அன்று மாலை எனக்குத் தோன்றியது.

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். நம் சபையில் சிறு தேயிலை விவசாயிகளும் இருக்கிறார்கள். கொழுந்துக்குரிய பணம் தொழிற்சாலையிலிருந்து வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தள்ளிப்போவதை அவர்கள் அறிவார்கள். அந்தத் தாமதத்துக்கு அபராதம் போட்டு ரசீது அனுப்பிய ஒரு விவசாயியையும் நான் சந்தித்ததில்லை. போட்டால் அடுத்த நாள் அவருடைய மூட்டையை எடுக்க வண்டி வராது. பணிக்கொடையைப் பாருங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் 10 சதவீதத் தனிவட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு பணிக்கொடைக்காகக் காத்திருந்தவர்களை நான் அடக்கம் செய்திருக்கிறேன். தாமதத்துக்கு வட்டியோடு பெற்றவர் ஒருவரையும் நம் சபையில் இதுவரை கண்டதில்லை.

தாமதம் எங்கும் தாமதம்தான். ஏழை தாமதித்தால் மறுநாள் காலையில் இயந்திரம் தானாக அபராதத்தை எடுத்துக்கொள்கிறது. ஏழைக்கு வரவேண்டியது தாமதித்தால் அவன் மனு எழுதி, பஸ் ஏறி, அலுவலக வாசலில் நிற்க வேண்டும். கூலியை மறுநாள் காலைவரை வைத்திராதே என்று லேவியராகமம் 19 சொல்லுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூரிய அஸ்தமனத்துக்குள் செலுத்த வேண்டும் என்ற கெடுவைத் தேவன் யாருக்கு வைத்தார்? கூலி கொடுக்கிறவனுக்கும் ஈடு வாங்கினவனுக்கும்.

"அப்படியானால் வாங்கின கடனைக் கட்டவே வேண்டாம் என்கிறீரா, ஐயா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனைச் சங்கீதம் 37 துன்மார்க்கன் என்கிறது. ஒருவனுக்கும் கடன்படாதிருக்கும்படி பவுல் ரோமருக்கு எழுதினார். பிரசங்க பீடத்திலிருந்து இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்லுவேன். கல்யாணத்துக்கு மண்டபமும் மேளமும் கடனில் எடுத்துவிட்டுப் பின்பு ஒளிந்து திரிகிறவர்களுக்காக இதை நான் எழுதவில்லை. மனமில்லாதவன் ஒருவன், இயலாதவன் வேறொருவன். அபராதச் சட்டத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. உண்மையில் அது மனமில்லாதவனைத் தொடுவதேயில்லை. கணக்கில் எப்போதும் பணம் நிற்கிறவனுக்கு அப்படி ஒரு கட்டணம் இருப்பதே தெரியாது.

"அபராதம் இல்லாவிட்டால் ஒருவரும் நேரத்துக்குக் கட்டமாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். நானும் நெடுநாள் அப்படியே நம்பினேன். இஸ்ரவேலிலுள்ள ஹைஃபா நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு என் எண்ணத்தை அசைத்தது. க்னீஸி, ருஸ்டிகினி என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். குழந்தைகள் காப்பகங்களில் மாலையில் பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோர் தாமதமாக வந்தால் அபராதம் என்று விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடிற்று. முன்பு ஆசிரியை காத்திருப்பாளே என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்தபின், காசு கொடுத்தாயிற்று என்ற எண்ணம் வந்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. அமெரிக்காவில் சிகாகோ நகரப் பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடந்த புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின, மனிதர்களும் வந்தார்கள். அபராதத்துக்குப் பயந்தவர்கள் புத்தகத்தை மட்டும் அல்ல, நூலகத்தையே விட்டு ஒதுங்கியிருந்தார்கள்.

இதை வாசிக்கையில் யார் நினைவுக்கு வரவேண்டுமோ அவர்கள் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் வந்தார்கள்.

அந்தச் சகோதரியிடம், "இரண்டு மாதமாக உங்களை ஆராதனையில் காணவில்லையே" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சங்கத்துலயும் அபராதம் நிக்குதுங்க ஐயா. திருவிருந்துக்கு வந்தா பொருளாளர் அம்மாவைப் பாக்கணுமே."

நம் மகளிர் சங்கத்தின் சுழல்நிதியைத்தான் சொன்னார். கந்துவட்டிக்காரரிடம் நம் பெண்கள் போகக் கூடாது என்று ஜெபித்துத் தொடங்கிய நிதி அது. தவணை தவறினால் ஒரு நாளுக்கு 10 ரூபாய் அபராதம் என்ற விதியை எழுதிய தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. 2003இல் தமிழ்நாட்டில் வந்த அதிக வட்டித் தடைச் சட்டம் தினவட்டியையும் மீட்டர் வட்டியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாள் கணக்கில் ஓடும் நம் அபராதத்துக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? சென்ற ஆண்டு அந்த அபராதப் பெட்டியில் சேர்ந்த பணத்தோடு கொஞ்சம் போட்டு அறுப்பின் பண்டிகைக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கினோம். அன்று நான் அதற்காக ஸ்தோத்திர ஜெபம் செய்தேன். அந்த ஒலிபெருக்கியில்தான் ஒவ்வொரு ஞாயிறும் கிருபையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை அன்றிரவு திறந்தேன். பஞ்சத்திலும் ராஜாவின் வரியிலும் நொந்துபோன ஜனங்கள், வயல்களை அடகுவைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாக விட்டோம் என்று முறையிடுகிறார்கள். நெகேமியா மிகவும் கோபங்கொண்டு பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். இந்த இடத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் 10ஆம் வசனத்தை வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். அங்கே அவர், தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் ஜனங்களுக்குக் கடன் கொடுத்திருப்பதை ஒப்புக்கொண்டு, நாம் இதை விட்டுவிடுவோம் என்கிறார். 'நீங்கள்' என்று தொடங்கிய கடிந்துகொள்ளுதல் 'நாம்' என்று மாறுகிறது. வயலையும் வீட்டையும் மட்டுமல்ல, வாங்கின நூற்றுக்கு ஒன்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறார்.

மத்தேயு 18இல் நம் ஆண்டவர் சொன்ன உவமையில் இரண்டு கடனாளிகள் வருகிறார்கள். ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு ஏறக்குறைய 6,000 நாள் கூலி என்றால், 6 கோடி நாள் கூலி. மற்றவனுக்கு நூறு வெள்ளிப்பணம், நூறு நாள் கூலி. இருவரும் விழுந்து ஒரே வேண்டுதலைச் செய்கிறார்கள். கவனியுங்கள், இருவருமே கடனைத் தள்ளிவிடும்படி கேட்கவில்லை. தவணைதான் கேட்டார்கள்: பொறுத்திரும், கொடுத்துவிடுகிறேன் என்றார்கள். கிரேக்கத்தில் இருவர் வாயிலும் நீடிய பொறுமையைக் குறிக்கும் அதே சொல். எஜமான் கேட்ட தவணைக்கு மேலாகக் கடனையே மன்னித்தான். மன்னிப்புப் பெற்றவனோ தன் உடன்வேலைக்காரனுக்குத் தவணையும் கொடுக்கவில்லை, கழுத்தைப் பிடித்தான். 'நாளுக்கு 10 ரூபாய்' என்று எழுதிய என் கையெழுத்தை அந்த உவமையில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிகிறது.

ஆகவே சபைக் குழுவின் முன் நான் கொண்டுவரும் தீர்மானம் இது. சங்கத்தின் தவணை நாள் இனி ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதிக்குப் பின்னரே இருக்க வேண்டும். நாள் அபராதம் நீக்கப்பட வேண்டும். தவணை தவறினால் இரண்டு பெண்கள் அந்த வீட்டுக்குப் போய், முதலில் சுகம் விசாரித்து, பிறகு எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்க வேண்டும். உறைபனி மாதங்களில் கொழுந்து குறையும்போது அரைத் தவணை போதும். அடக்க ஆராதனைக்கு முன் சபைச் சந்தா பாக்கியைக் கேட்கும் வழக்கமும் இத்தோடு நிற்க வேண்டும். பிணம் வீட்டில் கிடக்கையில் ரசீதுப் புத்தகத்தைத் திறப்பதை இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தவறாமல் கட்டிவந்த சகோதரிகள் சிலர் மனம் வருந்தக்கூடும் என்று அறிவேன். உங்கள் உண்மையைக் கர்த்தர் அறிவார்; உங்களிடம் வாங்கிய ஒரு ரூபாயும் குறையாமல் கணக்கில் இருக்கிறது. நிதியில் உண்மையான நஷ்டம் வந்தால் இந்த ஆண்டு என் பண்டிகைக் காணிக்கையிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருளாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை வாங்கிய அபராதத்தைத் திருப்பிக் கொடுப்பதா என்பதில் குழுவினரிடையே இரண்டு கருத்து உண்டு. ஒலிபெருக்கி வாங்கியாயிற்றே என்கிறார்கள். நெகேமியா அந்தச் சாக்கை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்று கூட்டத்தில் பேசுவோம்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன், தேநீருக்குப் பின், ஆலயத்தின் பின்கட்டில் கூட்டம் நடைபெறும். சங்கத்து உறுப்பினர் அனைவரும் வரலாம். பாக்கி உள்ளவர்கள் முன்வரிசையில் உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். வங்கியிலிருந்தோ கடன் நிறுவனத்திலிருந்தோ வந்த குறுஞ்செய்திகளை வாசிக்கத் தெரியாதவர்கள் கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூப்பர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். தவணைத் தேதியை மாற்றக் கேட்டு விண்ணப்பமும் எழுதித் தருவார். அந்தச் சகோதரியின் விண்ணப்பத்தை நேற்று நானே எழுதினேன். பொருளாளர் அபராத நோட்டை மறவாமல் எடுத்துவரவும்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்